குழந்தை பிறக்கும் முன்பே மருத்துவரைத் தேடுங்கள்: சிறு நகரப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலோ கோவையிலோ வசிப்பவர்களுக்குக் குழந்தைகள் நல மருத்துவரைத் தேடுவது என்பது பலரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. தாலுகா தலைநகர் அளவிலான ஒரு சிறு நகரத்தில் வசிப்பவர்களுக்கு அப்படி அல்ல. ஊரில் குழந்தை டாக்டர் என்று ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் காலையில் அரசு மருத்துவமனையில் பணியாற்றிவிட்டு மாலையில் தம்முடைய கிளினிக்கில் அமர்பவராக இருப்பார். இன்னொருவர் மாவட்டத் தலைநகரிலிருந்து வாரத்தில் சில நாள் மட்டும் வந்து போகிறவராக இருப்பார். இரவு ஒன்பது மணிக்கு மேல் இருவருமே கிடைக்காமல் போகலாம். எனவே, சிறு நகரப் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஊரிலேயே சிறந்த மருத்துவர் யார் என்பதை மட்டுமல்ல; எந்த நேரத்தில், எந்த நிலைமைக்கு, யாரிடம் போவது என்பதையும்தான். வழக்கமாகப் பார்க்கும் ஒருவர், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கதவு திறந்திருக்கும் ஓர் இடம், நிலைமை கைமீறினால் போய்ச் சேர வேண்டிய ஒரு பெரிய மருத்துவமனை என்று இந்த மூன்றும் முடிவாகியிருந்தால்தான் தேடல் முடிந்ததாகப் பொருள்.

இந்தத் தேடலைக் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது செய்ய முடியாது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தாய் யார் எந்த வழியைக் காட்டினாலும் அந்த வழியில்தான் போவாள். அவளிடம் பட்டத்தைப் பார், பதிவு எண்ணைப் பார் என்று சொல்வது கொடுமை. கருவுற்ற ஏழாம் எட்டாம் மாதமே இதற்கு ஏற்ற காலம். அந்தக் காலத்தில் தவறவிட்டவர்கள், குழந்தை நல்லபடியாக இருக்கும் ஏதாவது ஒரு வாரத்தில், தடுப்பூசிக்குப் போகும் சாக்கிலாவது இதைச் செய்துவிடலாம்.

இரண்டு ஊர், ஒரு குழந்தை

நம் வழக்கத்தில் இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். தலைப்பிரசவம் அங்கே நடக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு கணவன் வீட்டுக்குத் திரும்புகிறாள். ஆக, குழந்தையின் முதல் மருத்துவர் ஓர் ஊரிலும் அடுத்த மருத்துவர் வேறோர் ஊரிலும் இருக்கிறார்கள். பிறந்தவுடன் அழுததா, பிறப்பு எடை எவ்வளவு, மஞ்சள் காமாலைக்காக விளக்கின் கீழ் வைத்தார்களா, எத்தனையாவது நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பவையெல்லாம் முதல் ஊரிலேயே தங்கிவிடுகின்றன. பாட்டியின் நினைவில் இருப்பதைத்தான் இரண்டாவது மருத்துவர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதைத் தவிர்ப்பது எளிது. பிரசவம் நடந்த மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது தாய்க்கான டிஸ்சார்ஜ் அறிக்கையோடு நின்றுவிடாமல் குழந்தைக்கென்று தனியாக ஓர் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். தாய்-சேய் நல அட்டையில் பிறப்பு எடையும் முதல் தடுப்பூசிகளும் தேதியோடு எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி., முதல் போலியோ சொட்டு மருந்து, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி ஊசி ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். கணவன் ஊருக்குக் குழந்தை வந்து சேர்ந்ததும் அந்தப் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அட்டையைக் காட்டிப் பெயரைப் பதிந்துகொண்டால் அடுத்த ஊசிக்கு அவரே நினைவூட்டுவார். இரண்டு ஊரிலும் ஒவ்வொரு மருத்துவரை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. முதல் மருத்துவர் பச்சிளங்குழந்தையைக் கையாளத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இரண்டாமவர் நெடுங்காலம் பார்க்கப் போகிறவர் என்பதால் நாம் மனம்விட்டுப் பேசக்கூடியவராக இருக்க வேண்டும்.

பிரசவம் பார்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் பெரும்பாலான குடும்பங்கள் கேட்பதில்லை. "பிரசவ நேரத்தில் குழந்தையைப் பார்க்க யார் வருவார்கள்?" என்பதே அந்தக் கேள்வி. மகப்பேறு மருத்துவர் தாயைப் பார்ப்பார். பிறந்தவுடன் மூச்சுவிடத் திணறும் குழந்தையை அதே நிமிடத்தில் கவனிக்க இன்னொருவர் தேவை. சிறு நகரத் தனியார் மருத்துவமனைகளில் குழந்தைகள் நல மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து வரவழைக்கும் ஏற்பாடே பல இடங்களில் இருக்கிறது. அவர் எவ்வளவு நேரத்தில் வந்து சேர்வார், அவர் ஊரில் இல்லாத நாளில் என்ன ஏற்பாடு என்று கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் சீமாங் மையம் என்று பெயர்ப்பலகை இருக்கும் இடங்கள், சிக்கலான பிரசவத்தையும் பிறந்த குழந்தையின் அவசரநிலையையும் இருபத்துநான்கு மணி நேரமும் கவனிப்பதற்கென்றே ஏற்படுத்தப்பட்டவை. உங்களுக்கு மிக அருகிலுள்ள சீமாங் மையம் எது என்பதை எந்தக் கிராம சுகாதாரச் செவிலியரும் சொல்லிவிடுவார்.

யாரிடம் விசாரிப்பது, எப்படி விசாரிப்பது

நம் ஊர்களில் மருத்துவரைப் பற்றி விசாரித்தால் முதலில் வரும் பதில், "அவர் கைராசிக்காரர்" என்பதுதான். இந்தச் சொல்லை நம்பித்தான் பல கிளினிக்குகளில் கூட்டம் சேர்கிறது. குழந்தைகளுக்கு வரும் சளியும் இருமலும் காய்ச்சலும் பெரும்பாலும் வைரசால் வருபவை. எந்த மருந்தும் இல்லாமலே சில நாட்களில் தணிந்துவிடுபவை. மூன்றாம் நாள் யாரிடம் போகிறோமோ அவருக்குக் கைராசிக்காரர் என்ற பெயர் வந்துவிடுகிறது. அந்தப் பெயரைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை; ஊர் மக்களின் நம்பிக்கையைப் பெறுவது சாதாரணமானதல்ல. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இரண்டு மூன்று வயதில் பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்களிடம் கேளுங்கள். நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் நல்லவர் என்றே சொல்வார்கள். அதற்குப் பதிலாக, நடந்ததைக் கேட்க வேண்டும். ராத்திரியில் உடம்பு சரியில்லாமல் போனபோது எங்கே போனீர்கள்? போனில் கூப்பிட்டால் அவர் எடுப்பாரா, அல்லது வேறொரு இடத்துக்குப் போகச் சொல்லும் பழக்கமாவது உண்டா? மருந்து எதுவும் வேண்டாம், தாய்ப்பால் கொடுத்தால் போதும் என்று ஒரு தடவையாவது சொல்லி அனுப்பியிருக்கிறாரா? பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரா, அப்படிக் கொடுத்தது சரியான நேரத்திலா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்களிலிருந்து ஒரு மருத்துவரின் போக்கு நன்றாகவே புலப்படும்.

கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து பார்ப்பவர்கள். எந்தக் குழந்தை எங்கே போய்க் குணமானது, எது தாமதமாகிப் போனது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களாக ஒருவரைப் பரிந்துரைக்கத் தயங்கலாம், "உங்கள் வீட்டுக் குழந்தையை யாரிடம் காட்டுவீர்கள்?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். மருந்துக்கடைக்காரரின் கருத்தையும் கேட்கலாம், யாருடைய சீட்டு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கிளினிக்கை ஒட்டியே கடை வைத்திருப்பவரிடம் அந்த மருத்துவரைப் பற்றிக் கேட்பதில் பயனில்லை.

பட்டமும் பதிவு எண்ணும்

பெயர்ப்பலகையில் "குழந்தைகள் நலம்" என்று எழுதியிருந்தால் மட்டும் ஒருவர் குழந்தைகள் நல மருத்துவர் ஆகிவிட மாட்டார். எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு குழந்தை மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.டி. அல்லது டி.என்.பி., இல்லையென்றால் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பான டி.சி.எச். படித்தவரே அந்தத் துறையின் மருத்துவர். பெயருக்குப் பின்னால் நீளமாக எழுத்துகள் இருந்தால் அவற்றில் இந்த மூன்றில் ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, மருத்துவர் தம்முடைய பதிவு எண்ணைக் கிளினிக்கில் தெரியும்படி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும் அது இருக்க வேண்டும். அந்த எண்ணையோ பெயரையோ கொண்டு தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ தேடிப் பார்க்கலாம். சில நிமிட வேலை. போலி மருத்துவர்கள் பிடிபட்ட செய்திகளைச் சிறு நகரங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் அடிக்கடி படிக்கிறோம் என்பதால் இதைச் செய்யாமல் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஊரில் குழந்தைகள் நல மருத்துவரே இல்லாவிட்டால், அனுபவமுள்ள எம்.பி.பி.எஸ். மருத்துவர் ஒருவரை வழக்கமான மருத்துவராக வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வயிற்றுப்போக்கையும் சாதாரணக் காய்ச்சலையும் நன்றாகவே பார்ப்பார். பச்சிளங்குழந்தையின் நோய், அடிக்கடி வரும் மூச்சிரைப்பு, வலிப்பு, எடை ஏறாமை, வளர்ச்சியில் பின்தங்கல் ஆகியவற்றுக்கு மட்டும் தொலைவானாலும் துறை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

முதல் தடவை போகும்போது எதைக் கவனிப்பது

டோக்கன் எண்ணும் காத்திருக்கும் நேரமும் நம் கையில் இல்லை. நல்ல மருத்துவர் ஒருவரே இருக்கும் ஊரில் கூட்டம் இருக்கத்தான் செய்யும். ஐந்து நிமிடம்தான் பார்த்தார் என்று குறைப்படுவதில் பயனில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இருமலும் சளியுமாக ஒரு வயதுக் குழந்தையைக் கொண்டுபோயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே கூப்பிடும் முன்பே செவிலியர் எடை பார்த்திருக்க வேண்டும், அதுவும் கனமான உடைகளைக் கழற்றிவிட்டு. மருத்துவர் குழந்தையைக் கட்டிலில் கிடத்தச் சொல்லாமல் தாயின் மடியிலேயே இருக்க விடுவார். சட்டையை மார்புக்கு மேல் தூக்கிவிட்டு, குழந்தையைத் தொடாமலே, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுவார். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையை மூச்சு எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. விலா எலும்புகளுக்குக் கீழே மார்பு உள்வாங்குகிறதா என்றும் அப்போதே பார்ப்பார். குழந்தை அழத் தொடங்கிவிட்டால் இந்த எண்ணிக்கை எதற்கும் உதவாது. அதனால்தான் தெரிந்த மருத்துவர்கள் இதை முதலில் செய்துவிட்டு, குழந்தை முரண்டு பிடிக்கும் வேலைகளான தொண்டை பார்ப்பதையும் காது பார்ப்பதையும் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்கள். இத்தனையும் அதிகச் செலவுள்ள கருவி எதுவும் இல்லாமல் நடப்பவை. இவற்றைச் செய்கிற மருத்துவர் ஒரு சின்ன அறையில் மின்விசிறிக்கடியில் அமர்ந்திருந்தாலும் அவரை நம்பலாம். சட்டையைக்கூட விலக்காமல் சீட்டு எழுதத் தொடங்குகிறவரின் கிளினிக் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

அடுத்து, மருந்துச் சீட்டைப் பாருங்கள். அதில் குழந்தையின் எடை எழுதப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் குழந்தைக்கு மருந்தின் அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் எட்டுக் கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம் தேவை. கடையில் இந்த மருந்து பல செறிவுகளில் கிடைக்கிறது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் 5 மில்லி. 5 மில்லியில் 250 உள்ள சிரப்பானால் ஏறத்தாழ 2.4 மில்லி, ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தானால் 1.2 மில்லி. பழைய சீட்டில் "5 மில்லி" என்று மட்டும் இருப்பதை நினைவில் வைத்துக்கொண்டு கடையில் சொட்டு மருந்தை வாங்கி அதே 5 மில்லியைக் கொடுத்தால் குழந்தைக்குப் போவது 500 மில்லிகிராம். தேவையான அளவைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அதனால்தான் மருந்தின் பெயர், செறிவு, எத்தனை மில்லி, எத்தனை மணி நேர இடைவெளி, எத்தனை நாள் என்ற ஐந்தும் படிக்கும்படியாக எழுதித் தரும் மருத்துவரைத் தேட வேண்டும் என்கிறேன். புரியவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள். மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்து வர வேண்டாம்.

சீட்டில் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதும் ஒரு நல்ல அடையாளம். ஒவ்வொரு சளிக்கும் ஆன்டிபயாடிக், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஊசி, கூடவே ஒரு டானிக் என்று எழுதுகிறவரிடம் கூட்டம் அதிகமாக இருப்பதற்கு நாமும் ஒரு காரணம்; ஊசி போடாத டாக்டரைத் திறமையற்றவர் என்று எண்ணும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. இருமல் மருந்து விஷயத்தில் இப்போது இன்னும் கவனம் தேவை. 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த மருந்து நம் மாநிலத்தில் தயாரானது. அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது என்றும், பொதுவாக ஐந்து வயதுக்குக் கீழ் அவை பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்றும் அறிவுறுத்தியது. கைக்குழந்தைக்கு இருமல் சிரப் எழுதும் மருத்துவரிடம் இதைப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே தொடர்ந்து அவரிடம் போவதா வேண்டாமா என்பது தெரிந்துவிடும். நிமசுலைடு என்ற காய்ச்சல் மருந்து 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011-இலேயே தடை செய்யப்பட்டது. அது சீட்டில் இருந்தால் அந்தச் சீட்டை வைத்து மருந்து வாங்க வேண்டாம்.

வயிற்றுப்போக்கோடு போனால், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது, எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது என்று சொல்லிக் கொடுக்கிறாரா, பதினான்கு நாள் துத்தநாக மருந்து எழுதுகிறாரா என்று கவனியுங்கள். இரண்டும் செய்பவர் தம் வேலையை அறிந்தவர்.

தடுப்பூசி எங்கே போடுவது

அரசு அட்டவணையிலுள்ள தடுப்பூசிகளுக்குத் தனியார் கிளினிக் தேவையே இல்லை. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி, ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து, முன்பு தனியாரில் பெருந்தொகை செலவழித்துப் போட வேண்டியிருந்த நிமோனியா தடுப்பூசி, ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி ஆகிய எல்லாம் அங்கே இலவசம். ஊசிமருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கும் குளிர்பதன ஏற்பாடும் அங்கே முறையாக இருக்கிறது. மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊரில் இது சிறிய விஷயமல்ல. அங்கே வரும் மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். உள்ளே உள்ள சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து கெடவில்லை என்று பொருள். செவிலியரிடம் கேட்டால் காட்டுவார்.

சின்னம்மை, டைபாய்டு, இன்ஃபுளுவென்சா போன்று அரசு அட்டவணைக்கு வெளியே உள்ள ஊசிகளைப் போட விரும்பினால் தனியாரிடம் போகலாம். எது இலவசமாகக் கிடைக்கும், எது கூடுதல், கூடுதலானதில் எது முக்கியம் என்று பிரித்துச் சொல்லும் மருத்துவரே நேர்மையானவர். தனியார் கிளினிக்கில் மின்சாரம் போனால் மருந்தை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். போட்ட ஊசியை அதே தாய்-சேய் அட்டையில் எழுதி வாங்குங்கள்.

இரவும் பெரிய மருத்துவமனையும்

சிறு நகரத்தில் மருத்துவரைத் தேடுவதன் கடினமான பகுதி இதுதான். ஆகவே குழந்தை நலமாக இருக்கும் ஒரு நாளில், இரவில் போக வேண்டிய இடத்துக்கு ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். தாலுகா அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் மருத்துவர் இருப்பார். அவர் எல்லா நோயாளிகளையும் பார்க்கும் பொது மருத்துவராக இருக்கக்கூடும். குழந்தைகளுக்கான ஆக்சிஜன் முகமூடி, மருந்தைப் புகைபோல மூச்சில் செலுத்தும் நெபுலைசர், விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி ஆகியவை இருக்கின்றனவா, அவசரத்துக்குக் குழந்தைகள் நல மருத்துவரை அழைப்பார்களா என்று அங்குள்ள செவிலியரிடம் கேட்டு வையுங்கள்.

அடுத்த படி, மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2022 ஜனவரியில் விருதுநகர், ராமநாதபுரம், திண்டுக்கல், நாமக்கல், நாகப்பட்டினம், அரியலூர், கள்ளக்குறிச்சி, கிருஷ்ணகிரி, திருப்பூர், திருவள்ளூர், நீலகிரி ஆகிய 11 மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டதால், முன்பு மதுரைக்கும் தஞ்சைக்கும் சேலத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த பல ஊர்க்காரர்களுக்குக் குழந்தை மருத்துவப் பிரிவு இப்போது முன்பைவிடப் பக்கத்தில் இருக்கிறது. பிறந்து 28 நாளுக்குள் இருக்கும் குழந்தைக்கென்று இந்த மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு தனியாக உண்டு. உங்கள் வழக்கமான மருத்துவரிடம், "ஏதாவது பெரிதாக வந்தால் எங்கே அனுப்புவீர்கள்?" என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். பெயரோடு ஓர் இடத்தைச் சொல்பவர், அனுப்பும்போது கடிதம் கொடுப்பவர், அங்கே தொலைபேசியில் சொல்லி வைப்பவர் ஆகியோரே சிறு நகரத்துக்கு ஏற்ற மருத்துவர்கள். எல்லாவற்றையும் தாமே பார்த்துவிடுவேன் என்பவரைவிட, தம் எல்லை தெரிந்து காலத்தோடு அனுப்பி வைப்பவர் மேல்.

அனுப்பும்போது போகும் வாகனமும் முக்கியம். தெரிந்தவரின் கார் சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காக மூச்சுத் திணறும் குழந்தையை அதில் ஏற்றிச் செல்வதைவிட, ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற பணியாளரும் உள்ள 108 வண்டி பாதுகாப்பானது. பச்சிளங்குழந்தைகளுக்கென்றே அமைந்த வண்டிகளும் அந்தச் சேவையில் உண்டு. பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலில் தோல் படும்படி அணைத்து, தலையை மூடிக் கொண்டு செல்வது, உடல் சூடு குறையாமல் காக்கும். நிலைமை அவ்வளவு மோசமில்லை, ஆனால் போவதா காலையில் பார்ப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை என்றால் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

கீழே சொல்லும் நிலைமைகளில் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். காலை வரை காத்திருக்கவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல் அல்லது குடிக்க முடியாமை, எழுப்பினாலும் விழிக்காத அசதி, வலிப்பு, மார்பு உள்வாங்கும் மூச்சு, உதடோ நாக்கோ நீலமாதல், பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சள் நிறம், எந்த நாளிலும் உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவிய மஞ்சள், பச்சை நிற வாந்தி, வயிற்றுப்போக்கோடு கண்ணும் உச்சிக்குழியும் உள்வாங்கிச் சிறுநீர் குறைந்துபோதல்.

இந்தக் கடைசி அறிகுறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உச்சிக்குழி உள்வாங்கி, பேதி போய், குழந்தை துவண்டு கிடப்பதைத் தோஷம் என்றும் சீர் தட்டியது என்றும் சொல்லி மந்திரிக்கவும் தொக்கம் எடுக்கவும் கொண்டுபோகும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. பெரியவர்களின் அக்கறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது உடலில் நீர் வற்றியதன் அடையாளம். ஒரு கைக்குழந்தை சில மணி நேரத்திலேயே அபாய கட்டத்துக்குப் போய்விடும். மாமியாரோ அம்மாவோ கயிறு கட்ட வேண்டும் என்றால், ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே முதலில் மருத்துவமனைக்குப் போய்விட்டு, திரும்பி வந்து கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். வீட்டில் சண்டை வராமல் குழந்தையைக் காப்பாற்ற இந்தப் பேச்சு பல குடும்பங்களில் உதவும்.

வளர்ச்சியைக் கவனிக்கும் மருத்துவர்

நோய் வந்தால் மட்டும் போய்வரும் வழக்கத்தால், தலை நிற்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் சொல் வரவில்லை என்பவை யார் கண்ணிலும் படாமல் போய்விடுகின்றன. தடுப்பூசிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் எடை, உயரம், தலைச் சுற்றளவு மூன்றையும் அளந்து அட்டையிலுள்ள வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால், "அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்" என்ற சமாதானத்தோடு காத்திருக்க வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு, பிறப்பிலிருந்து 18 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதித்து, தேவையானவர்களை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புகிறது. அங்கே செவித்திறன் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் இயன்முறைப் பயிற்சியும் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. இதயக் குறைபாடு போன்ற பெரிய சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அவசரம் வந்த பிறகு அலையாமலிருக்க, குழந்தை பிறந்ததும் குடும்ப அட்டையில் பெயரைச் சேர்த்து வைப்பது நல்லது.

மருத்துவரை மாற்ற நேர்ந்தால் சொல்லிக்கொண்டே மாறலாம். சிறு ஊரில் அவரையே கடைத்தெருவிலும் கோயிலிலும் பார்க்க வேண்டியிருக்கும் என்ற கூச்சத்தால், மனம் ஒப்பாத ஒருவரிடமே தொடர்ந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அது தேவையில்லை. அதேபோல், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கவில்லை என்று வேறொருவரிடம் ஓடி, மூன்றாம் நாள் இன்னொருவரிடம் ஓடுவதும் குழந்தைக்கு நல்லதல்ல. ஒவ்வொருவரும் முந்தையவர் கொடுத்ததை அறியாமல் புதிதாக ஒரு மருந்தைச் சேர்க்க நேரும். பழைய சீட்டை மறைக்காமல் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு தாள் தயாராக வேண்டும். வழக்கமான மருத்துவரின் பெயர், கிளினிக் நேரம், அவர் வராத நாள், இரவில் போகும் மருத்துவமனையின் எண், பெரிய மருத்துவமனையில் குழந்தைப் பிரிவு இருக்கும் கட்டடம், குழந்தையின் கடைசி எடை, ஒவ்வாத மருந்து ஏதாவது இருந்தால் அதன் பெயர், 108, 104 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, தாய்-சேய் அட்டையோடு ஒரே உறைக்குள் வையுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு அந்த உறை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். எடையை மட்டும் ஒவ்வொரு தடுப்பூசிக்குப் பிறகும் அடித்துத் திருத்துங்கள்.